அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பால் டின்னோடு

காலை ஐந்தரை மணிக்கு அலோர் ஸ்டார் மெர்கோங் வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்தேன். ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருந்தேன். புக்கிட் செலம்பாவ் தோட்டத்துக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். சட்டைக்குள் ஒரே ஒரு பால் டின்.

அது என் தங்கை செல்லம்மாவின் பிள்ளைக்கு. அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலேரியாவில் படுத்தவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். பிள்ளை பிறந்து நாற்பது நாள்தான்.

போருக்கு முன் பத்து வருஷம் நான் ஒரு வெள்ளைக்காரப் பால் கம்பெனியின் விற்பனையாள். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்களைக் கூட்டி, டின்னைத் திறந்து கலக்கிக் கொடுப்பேன். கம்பெனி கதையையும் சொல்வேன். பனிமலை நாட்டில் யாரோ ஒருவர் கொட்டகையில் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பார்த்தார். அது பக்கத்து ஊருக்குப் போயிற்று. பிறகு கப்பலேறி உலகமெல்லாம் போயிற்று. இன்று ரோடே இல்லாத தோட்டத்துக் கடையிலும் இருக்கிறது. "ஆட்டுப்பால் கொடுக்காதீங்க, டின் பால் கொடுங்க" என்று முடிப்பேன். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடினார்கள். கிடங்குக்குப் பூட்டு விழுந்தது; என் கையில் மிஞ்சியது இந்த ஒரு டின்தான்.

ஒன்பது மணி, குருண். இருபது மைல் வந்தாயிற்று. அவித்த மரவள்ளியும் சீனி இல்லாத காப்பியும் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் இரண்டு வெள்ளி. ஊரைத் தாண்டியதும் ஜப்பான்காரன் காவல் சாவடி. சிப்பாய்க்கு வணக்கமாக இடுப்பு வளையக் குனிந்தேன். குனிந்ததில் டின் சட்டையிலிருந்து நழுவி உருண்டது. சிப்பாய் எடுத்துப் பார்த்துச் சிரித்தான், மேசைக்கடியில் வைத்துக்கொண்டான். கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

மிச்சத் தூரத்தை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. வெறுங்கையோடு தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

பன்னிரண்டரை மணி, புக்கிட் செலம்பாவ். வீட்டில் பிள்ளை அழும் சத்தம் இல்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினேன். உள்ளே போனால் பிள்ளை தூங்குகிறது, உதட்டோரம் பால்.

"வீராயி கொடுக்குறா அண்ணே, ஆறு நாளா," என்றாள் செல்லம்மா, பாயில் கிடந்தபடி.

வீராயி பக்கத்து வீட்டுக்காரி, ரப்பர் மரம் சீவுகிறவள். அவள் வீட்டுக் குசினியில், அடுப்படியில், எட்டிப் பார்த்தேன். ஆட்டுப்பாலில் தென்னை வெல்லம் போட்டுச் சின்னத் தீயில் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கொதிநீரில் போட்டெடுத்த பழைய சோயாக் கிச்சாப் போத்தலில் அதை ஊற்றினாள், கட்டை மூடியால் அடைத்தாள், மூடியைச் சுற்றி ரப்பர் பாலைத் தடவினாள். அது காய்ந்து தோல்போல இறுகியது. எறும்புகூட நுழைய முடியாது.

"எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள் கெடல லா. மூணாவது நாளைக்கு மிஞ்சினாத்தானே தெரியும்? இந்த லயத்துல மட்டும் நாலு கைப்பிள்ளை."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு சொல்லணும்? வெறும் ஆட்டுப்பாலுக்குப் பிள்ளைக்கு வயித்தால போச்சு. காய்ச்சினேன். இன்னும் காய்ச்சினேன். டின் பாலு கெட்டியாத்தானே இருந்துச்சு?"

கம்பெனி கதையைப் பத்து வருஷம் மனப்பாடமாய் ஒப்பித்தவன் நான். அது நடப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். 

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். மெர்போக்கில் தாயில்லாத பிள்ளை ஒன்று இருப்பதாகச் செல்லம்மா சொல்லியிருந்தாள். வீராயி இரண்டு போத்தலைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

"போத்தலத் திருப்பிக் கொண்டாந்துருங்க அண்ணே. வேற கிடைக்காது."

சாவடிக்குப் பயந்து பெரிய ரோட்டை விட்டு, ரப்பர் மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் பன்னிரண்டு மைல். பிள்ளையின் தகப்பன் போத்தலை வாங்கி மோந்து பார்த்தார். வெந்நீரில் கரைத்து, விரலில் தொட்டுப் பிள்ளையின் வாயில் வைத்தார். பிள்ளை விரலை இழுத்துச் சப்பியது. 

"இது என்னா பாலுண்ணே?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வீராயி பால்," என்றேன்.