நராயில் மெலனியை அறிந்தவர்கள்

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துத் தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்கும் அஞ்சலீனாவுக்கு, மகள் மெலனி யப்பானில் ஆங்கிலம் படிப்பிப்பதில் பெரிய பெருமை. ஞாயிறு பூசை முடிந்தால் அதைக் கேளாமல் எவரும் வீடு போக முடியாது. 2007 ஒக்ரோபரில் லீவு எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போனாள்.

மெலனி தாயைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. மலைகளுக்கு நடுவே ஆற்றோரம் இருந்த நராய் என்ற சிற்றூருக்கு ரயிலேற்றினாள். நெடுஞ்சாலையில் நடந்து போனவர்கள் அந்தக் காலத்தில் இராத்தங்கிய ஊர். கறுத்த மரவீடுகளை இடிக்காமல் வைத்திருந்தார்கள்.

“நானும் இப்பதான் முதல்தரம் வாறன் அம்மா,” என்றாள் மெலனி.

ஆனால் தெருவிலே தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற கிழவர் மெலனியைக் கண்டதும் வணக்கமாகத் தலை குனிந்தார். சீப்புக் கடைக்காரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். விடுதி வாசலில் ஓர் இளைஞன் சிரித்தபடி பெட்டியை வாங்கினான். எந்த அறை என்று கேட்காமலே மெலனி படியேறினாள். இரவுச் சாப்பாட்டில், யாரோ முன்பே சொல்லிவைத்ததுபோல, அஞ்சலீனாவின் தட்டோடு மட்டும் கரண்டியும் மிளகாய்த்தூளும் வந்தன.

விடுதிப் பெடியன்தான் விஷயம் என்று அஞ்சலீனா முடிவுகட்டினாள்.

விடியப் பார்த்தால் மகளின் படுக்கை வெறுமையாகக் கிடந்தது. சத்தமில்லாமல் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். ஆற்றுப் பக்கத்தில் மெலனி ஏப்ரன் கட்டிக்கொண்டு ஈரப் படுக்கைவிரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“இதென்ன வேலை?”

“என்ர வேலைதான். பள்ளிக்கூடத்தைப் பங்குனியோட விட்டிட்டன் அம்மா. வகுப்பில நிண்டு படிப்பிக்க எனக்குச் சரிவரேல்ல.”

“ஏன் சொல்லேல்ல?”

“நீங்கள் கோயில் முழுக்க ரீச்சர் எண்டு சொல்லிப்போட்டியள். இஞ்ச கொண்டுவந்து காட்டிச் சொல்லுவம் எண்டுதான் கூட்டியந்தன். பேந்து வாய் வரேல்ல.”

அஞ்சலீனா விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பெடியன்?”

“முதலாளியம்மான்ர மகன். அவனுக்குக் கலியாணம் பேசி முற்றாயிட்டுது.”

அஞ்சலீனா நம்பவில்லை. என்றாலும் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

மத்தியானம் சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். பெடியன் ஓடிப்போய் அவளுடைய பையை வாங்கினான். அவளுடைய விரலில் மோதிரம் கிடந்ததை எட்டிப் பார்த்த பிறகுதான் அஞ்சலீனாவுக்குச் சோறு இறங்கியது.

மொன்றியல் திரும்பிய முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயிலில் பக்கத்தில் இருக்கும் திரேசம்மா கேட்டாள்: “ரீச்சர் மகள் சுகமோ?”

“ரீச்சர் இல்லை. ஹோட்டலில வேலைக்கு நிக்கிறாள். நல்லாச் செய்யிறாள்.”

அடுத்த வருடம் மெலனி தனியாக மொன்றியலுக்குத் திரும்பி வந்து, பழைய துறைமுகப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தாள். அவள் போனில் யப்பான் பாஷை பேசினால், அந்தப் பெடியனோ என்று அறிய அஞ்சலீனா இன்னமும் ரீவிச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.