சின்ன மேசைக்குத் திரும்புகிறவர்

தன் குட்டி மெத்தையை இரண்டு தட்டுத் தட்டி நாற்காலியில் போடுகிறார் லிப்ட்காரர். நீலத் துணி உறை, ஓரத்தில் கிரீஸ் கறை. லிப்ட் கூண்டுக்கு மேல் குனிந்தே பழுது பார்த்து முதுகு போய்விட்டதால், சீட்டாட்ட கிளப்புக்கும் இதைத் தூக்கிக்கொண்டுதான் வருவார். மெத்தை எந்த மேசையில் கிடக்கிறது என்பதை வைத்தே அவர் நிலவரத்தை மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

கிளப்பில் இரண்டு போக்கர் மேசைகள். சின்ன மேசையில் ஐந்நூறு கட்டினால் உட்காரலாம். பெரிய மேசைக்கு இரண்டாயிரம். சீட்டுக்கென்று அவரிடம் தனியாக ஒரு பிஸ்கட் டின் உண்டு. சம்பளத்தில் ஒரு பைசா அதற்குள் போகாது. பெரிய மேசையில் முப்பது முறை உட்காரும் அளவுக்கு டின்னில் சேர்ந்தால் மேலே போவார். இருபதுக்குக் கீழே போய்விட்டால் மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுவார்.

"ஒரு கயிறே லிப்டைத் தாங்கும் சார். நாங்க ஆறு போடுறோம். மிச்ச அஞ்சும் தண்டச் செலவா? நல்லா ஆடுறவனுக்கும் சீட்டே வராத மாசம் வரும். அப்ப டின்னுதான் தாங்கணும்" என்பார், சின்ன மேசையில் பக்கத்தில் உட்காரும் என்னிடம்.

ஆட்டத்தில் சூரர் என்று சொல்ல முடியாது. நாலு ஆட்டத்துக்கு மூன்றில் சீட்டை மூடிப் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுவார். பெரிய மேசையில் ஆடும் பல் டாக்டருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவர் கையில் என்ன வந்தாலும் பந்தயம் கட்டுகிற ஜாதி. "என்ன லிப்டு, நீங்களும் ஏறுறதும் இறங்குறதுமாவே இருக்கீங்களே!" என்பார்.

இந்தக் கேலி ஒருமுறை வேலை செய்துவிட்டது. சில வருடங்களுக்கு முன், இறங்க வேண்டிய நேரத்தில் ரோஷப்பட்டுப் பெரிய மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். டின் துடைத்தெடுத்ததுபோல் காலி. ஒரு மாலை பீரோவைத் திறந்து, மகளின் கல்லூரிப் பணத்தில் கை வைத்தபோது, மருந்துக் கடை வேலை முடிந்து வந்த மனைவி பின்னால் நின்றார். கத்தவில்லை. தன்னிடமிருந்த பீரோ சாவியையும் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"ரெண்டு சாவியும் நீங்களே வச்சுக்கோங்க. எடுத்துட்டீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானும் பொண்ணும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறோம்."

பணத்தை வைத்துவிட்டு இரண்டு சாவியையும் மனைவியிடமே கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு விடுமுறை நாளில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்த கூலியில் டின்னை மறுபடி தொடங்கினார், மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான். "டின்னோட நின்னா சரி" என்றாராம் அந்த அம்மா. பீரோ சாவி இருந்த சட்டைப் பையில் அதற்குப் பிறகு அவர் எதையும் வைப்பதில்லை.

போன ஞாயிறு மதியம் பெரிய மேசையில் பல் டாக்டர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் அருமையான கையோடு எதிர்த்துக் கட்டினார். கடைசிச் சீட்டு டாக்டருக்குச் சாதகமாக விழுந்தது. தப்பாக ஆடவில்லை, ஆனாலும் போயிற்று. மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார்; டின் இருபதுக்குக் கீழே போயிருந்தது. மெத்தையை உருவினார்.

"இப்பப் போய் எந்திரிக்கிறீங்களே! டாக்டர் இன்னைக்கு வள்ளலு. உக்காருங்க, பணம் நான் தர்றேன்" என்று பக்கத்திலிருந்த கண்ணாடிக் கடைக்காரர் கையைப் பிடித்தார். அவர் சொன்னது நியாயம்தான். நானாயிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

"டின்னு ஒத்துக்காது சார்."

மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சின்ன மேசைக்குப் போனார். இரண்டு தட்டுத் தட்டி, பெரிய மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சீட்டுப் போட்டார்கள். பின்னால் ஒரே கூச்சல். பல் டாக்டர் முன்னாலிருந்த மொத்தத்தையும் கண்ணாடிக் கடைக்காரரிடம் தோற்றிருந்தார். சின்ன மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லிப்ட்காரர் திரும்பவில்லை. காலியான சட்டைப் பையை இடது கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தன் சீட்டுகளை எடுத்தார்.