மகள் தடுத்த தண்ணீர்க் குடம்

எங்கள் வீடு திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உதியன்குளங்கரையில். மகள் ஜெபா அப்போது ஆறாம் வகுப்பு. மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய சர்வதேச உறைவிடப் பள்ளியில் பல நாட்டுப் பிள்ளைகளோடு தங்கிப் படித்தாள். அங்கே ரேங்க் கிடையாது. சமையல் உட்பட எல்லா வேலையையும் பிள்ளைகளே செய்து, 'ஏன்' என்று கேட்டுக் கற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

"உள்ளி உரிக்கவா பிள்ளைய அனுப்பினோம்? ஜூன்ல பக்கத்துல நெய்யாற்றின்கரை ஸ்கூல்ல சேப்போம்" என்று கணவரிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தேன்.

ஜெபா வீட்டுக்கு வந்திருந்த கோடை விடுமுறையில் ஒருநாள் நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ அழைக்க, போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால் சட்டி எண்ணெய் தீப்பிடித்து எரிகிறது! பதறித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"அம்மா, வெள்ளம் ஊத்தாத! மாறி நில்லு!"

ஓடிவந்த ஜெபா கேஸை அடைத்து, பெரிய மூடியைப் பக்கவாட்டில் தள்ளிச் சட்டியை மூடினாள். தீ அடங்கியது. நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"மூடிய தொறக்காத, ஆறட்டும். வெள்ளம் பட்டா எண்ணெ தெறிச்சு தீ மேல பொங்கும். காத்து கிடைக்கல்லேன்னா தீ நிக்காது. சமைக்கதுக்கு முன்னால ஸ்கூல்ல இதத்தான் படிச்சோம்" என்றாள்.

மாலையில் நடந்ததைக் கேட்ட கணவர் சிரித்தபடி, "இப்ப சொல்லு, ஸ்கூல் மாத்தணுமா?" என்றார்.

"அவ அங்கதான் படிப்பா, ஆக்கும்!" என்றேன்.

இப்போதெல்லாம் யார் அழைத்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர்கிறேன். அந்த விடுமுறை முடியுமுன் எங்கள் திருச்சபைப் பெண்கள் கூட்டத்தில் தீயணைக்கும் பாடத்தை ஜெபாவே நடத்தினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.