படிக்க மட்டும் அனுமதி

இதையெல்லாம் எழுதப் பெரிய படிப்பு வேண்டும். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். தப்பிருந்தால் ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் பெங்களூருக்கு வந்தவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை கம்ப்யூட்டர் என்னை உள்ளே விட்டது, எழுத விடவில்லை. மருந்துக்கடைகளுக்கு பில் போடும் எங்கள் மென்பொருள், எங்கோ இருக்கும் வாடகை சர்வரில், கன்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓடுகிறது. ஒரு கடையின் பில் கோணலாக வந்தால் பெட்டிக்குள் நுழைந்து ஒரு வரியைத் திருத்திவிட்டு வருவோம். ஆபீசில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அதற்கு முந்தின வாரம் ஒரு பெட்டிக்குள் யாரோ போட்ட திருட்டு புரோகிராம் கிடந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டு. இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எதையும் எழுத முடியாது.

பக்கத்து மேசை செல்வி இங்கேயே பெங்களூர் மர்பி டவுனில் பிறந்த தமிழ்ப்பெண். "எனக்கும்தாண்ணா மூடிட்டாங்க. உங்களுக்குன்னு தனியா பூட்டு வாங்கிப் போடுவாங்களா?" என்று சிரித்தாள். நான் நம்பவில்லை.

ஈஜிபுராவில் குடிவந்தபோது சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். மேல்மாடிக் கன்னடக் குடும்பத்தின் சுவரில் காலண்டர் தொங்குவதைப் பார்த்ததிலிருந்து, எந்தக் கட்டுப்பாடும் எனக்கு மட்டும்தானோ என்று தோன்றுகிறது. ஆரணியில் அப்பா கட்டிய வீட்டில் இப்படி இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் போன பொங்கலுக்குச் சட்டையை எங்கே மாட்டுவது என்று தம்பி மனைவியைக் கேட்டுத்தான் மாட்டினேன்.

கடைகள் திறந்ததும் எங்கும் பில் அச்சாகவில்லை என்று போன்கள் வந்தன. டீம் லீடர் மஞ்சுநாத் என் மேசைக்கு வந்தார்.

"சேகர், காலைல கன்டெய்னர் உள்ள போனீங்களா? யார் யார் போனாங்கன்னு பதிவாகற லாக்ல உங்க பேர் இருக்கு."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். "எப்பவும் பண்றதுதான் சார். என் மேல சந்தேகமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லரீ. சும்னே கேட்டேன்."

சும்மா கேட்பவர் என் மேசைவரை ஏன் வர வேண்டும்?

சற்று நேரத்தில் பில் வராததற்குக் காரணம் தெரிந்தது. பில்லை அச்சுக்கு அனுப்புமுன் அதைத் தற்காலிகமாக எழுதிவைக்க மென்பொருளுக்கு ஓர் இடம் வேண்டும். பூட்டியவர்கள் அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். அந்த இடத்தை மட்டும் திறந்துவிட்டதும் பில்கள் வந்தன. மஞ்சுநாத் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது சமாதானமா எச்சரிக்கையா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பெட்டிக்குள் நுழையும் அனுமதியே எனக்கு இல்லை. எல்லோருக்கும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். செல்வியிடம் நான் கேட்கவில்லை.