சாய்ந்த குண்டூசி

ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அங்கே ஒரு பியூன் இருந்தார். ஒட்டிய கன்னம், வெளுத்த காக்கிச் சட்டை. இரண்டு குண்டூசிகளை எப்போதும் உதட்டில் கவ்வியிருப்பார். வேலை கேட்டு வருகிறவர்களிடம் ஊர், தெரு எல்லாம் அன்பாக விசாரித்துவிட்டு, மனுவில் ஊசி குத்தி அடுக்குவார்.

மனுவில் சாதி எழுத இடமே கிடையாது. அதில் எங்கள் செயலாளருக்கு ரொம்பப் பெருமை. ஆனால் சேரித் தெருக்களிலிருந்து வந்த மனுக்களில் மட்டும் ஊசி சாய்ந்திருக்கும். அவற்றுக்கு நேர்முகக் கடிதம் போனதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

"இது அநியாயமில்லையா?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

அவர் ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்தார். "நான் ஒண்ணும் எழுதலீங்களே சாமி. செயலாளர் சொன்னாருங்க, குத்தறேன். உங்க மனுவை வாங்கறப்ப, மாதா கோயில்ல எந்தப் பக்கம் உக்காருவீங்கன்னு கேட்டேனே, ஞாபகமிருக்குதுங்களா?"

இருந்தது. எங்கள் கோயிலில் வலப்பக்கம் மேல்சாதிக்காரர்கள், இடப்பக்கம் சேரிக்காரர்கள். "வலப்பக்கம்" என்று நான் சட்டென்று சொல்லியிருந்தேன்.

"உங்களுக்கு நேராக் குத்துனேனுங்க."

உள்ளே செயலாளரின் மணி அடித்தது. அன்றைய மனுக்கட்டின் மேலே இருந்த மனுவில் ஊசி சாய்ந்திருந்தது. பிடுங்கி நேராகக் குத்த ஒரு நொடி போதும். என் கையைப் பார்த்தவர், மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கட்டை அப்படியே எடுத்துப்போய் உள்ளே கொடுத்தேன்.

எதற்காகத் திரும்பினார் என்று அவரை நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.