இரண்டு தடவை கூப்பிட்ட குடி

கற்பூரப் புகையும் வேப்பிலை வாசமும் கலந்த வைகாசி வெயிலில், ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலே, அம்மன் கோயில் முற்றத்திலிருந்து வாவிக்கரை வரைக்கும் கேட்கிற ஒரு குரல்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் பக்கத்தில் இருக்கிற என் ஊரை நினைத்தால் முதலில் காதில் விழுவது அதுதான். அது என் அம்மாவின் மூத்த அண்ணனுடைய குரல். சடங்கு என்று நாங்கள் சொல்லும் அம்மன் திருவிழாவின் கடைசி நாளில், பூசை முடிந்ததும், ஊரிலுள்ள தாய்வழிக் குடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், கூப்பிட்ட குடியின் தலைவர் முன்னே வந்து பூசகர் கையால் வெற்றிலைத் தட்டு வாங்கிப் போவதும் எங்கள் கோயில் முறை. எந்தக் குடிக்குப் பின் எந்தக் குடி என்பதில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் சண்டைதான். அந்தக் 'குடி கூப்பிடுற' வேலையை எத்தனையோ வருடமாக மாமாதான் செய்துவந்தார். தாள் பார்த்து வாசிக்கிற பழக்கமே இல்லை, எல்லாம் மனதில்தான். பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையடித்துப் பெருமையடித்தே நான் பல பேருடைய வெறுப்பைச் சம்பாதித்தேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நாட்டில் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. வாவிக்கு இந்தப் பக்கம் ஆயுதம் தூக்கிய இயக்கம், அந்தப் பக்கம் 'ஆமி' என்கிற அரச ராணுவம். ஆனாலும் சடங்கை எங்கள் ஊர் விடவில்லை. அந்த வருடம் மாமா மூன்றாவது குடியைக் கூப்பிட்டார். தலைவர் வந்தார், தட்டை வாங்கினார், கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். எட்ட நின்ற மாமாவோ சிறிது நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அதே குடியை மறுபடியும் கூப்பிட்டார். பெயரை இங்கே எழுதி ஆறிப்போன கோபத்தைக் கிளற எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு குடியை இரண்டாம் தடவை கூப்பிடுவது, கூப்பிட்டும் வராத குடி என்று சபையில் வைத்து அவமானப்படுத்துவதற்குச் சமம். முற்றமே கொதித்தது. "கிழவனுக்கு அறளை பேந்திட்டு!" என்று யாரோ கத்தினார்கள். வயதால் புத்தி தடுமாறியவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அடுத்த வைகாசிக்கு வேறொருவர் கூப்பிடட்டும் என்று பெரியவர்கள் அங்கேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மாமி இறந்த பிறகு மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். எங்கள் முறையில் வீடு பெண்ணுக்குரியது. மனைவி போனபின் அவருக்குத் தங்கையின் வீடு என்றாகிவிட்டது. அந்தச் சடங்குக்குப் பிறகு அவர் வேலிப் படலையைத் தாண்டி வெளியே போகவில்லை. வருகிறவர்களோடு பேச்சுக் குறைந்தது, பிறகு எங்களோடும் குறைந்தது. சாப்பிட்டாரா இல்லையா என்பதை மறந்தார், கிழமையை மறந்தார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார், என்னைப் பார்த்து 'பூரணம்' என்று அம்மாவின் பெயரைச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அவர் இரண்டு தடவை கூப்பிட்டதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். பெருமையடித்த அதே வாய்தான். செய்தி அம்மாவின் காதுக்கு எட்டியதும் கன்னத்தில் விழுந்த அறை எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஆனால் எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. நான் பேசாமல் போய் நின்றால் மாமா பெயரை மாற்றிச் சொல்கிறார், வாயைத் திறந்து ஒரு சொல் பேசினால் சரியாகச் சொல்கிறார் என்பதைக் கவனித்தவர் அவர்தான். ஒருநாள் நெல்லுக் குற்றிக்கொண்டே, ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்பதுபோல, "அண்ணன், குடி வரிசைய ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்" என்றார். மாமா முதலிலிருந்து கடைசிவரை, எந்தத் தலைவர் எப்போது செத்து அடுத்து யார் வந்தார் என்பதையும் சேர்த்து, ஒன்றும் தப்பாமல் சொன்னார். அம்மா உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு நேரே கோயிலுக்குப் போனார். பெரியவர்கள் கூடியிருந்த, பெண்கள் பேசாத சபையில் நின்று பேசினார்.

"அவருக்குப் புத்தி ஒண்டும் போகல்ல. கண்ணுதான் தெரியல்ல. வந்து வாங்கினவரக் காணாமத்தான் மறுகாக் கூப்பிட்டவர். டொக்டருக்குக் கண்ணக் காட்டாம அவர விசரனாக்கிப் போடாதீங்க."

அடுத்த வைகாசி வரைக்கும் பார்ப்போம் என்றார்கள். அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை. "ஊரே ஒண்டு சொல்லுது, நீ ஒண்டு சொல்றா" என்று சலித்துக்கொண்டு வயற்காவலுக்குப் போய்விட்டார். கண் ஆசுபத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், பட்டணத்தில். என்னைத் தனியே விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு, மாமாவின் சால்வை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்தபடி அம்மா புறப்பட்டார். வாவியைக் கடக்க எங்களுக்கு இருந்தது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் 'பாதை' ஒன்றுதான். அக்கரையில் இறங்கியதும் 'சென்றி', ஆமியின் காவல்சாவடி. நிற்கச் சொல்லிச் சிப்பாய் கையை உயர்த்தினான். எல்லோரும் நின்றோம், மாமா மட்டும் நடந்துகொண்டே இருந்தார். துப்பாக்கி நிமிர்ந்தது. அம்மா சால்வையை ஒரே இழுவையாக இழுத்துவிட்டு, அண்ணனுக்கு முன்னால் போய் நின்றார். சிப்பாய் தன் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றி ஏதோ கேட்டான், விசரா என்றுதான் கேட்டிருப்பான். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத அம்மா, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, தன் இரண்டு கண்களையும் தொட்டுக் காட்டினார். பயத்தில் என் பாவாடை நனைந்துவிட்டது. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தி வழிவிட்டதும், அம்மா சால்வை நுனியை மறுபடியும் கையில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

டொக்டர் இளவயதுக்காரர். கண்ணில் வெள்ளை படர்ந்து நன்றாக முற்றிவிட்டது, வெட்டி எடுக்கலாம் என்றார். "மறதியும் சுகமாகுமா ஐயா?" என்று அம்மா கேட்டதற்கு அவர் மழுப்பாமல் பதில் சொன்னார்.

"கண் தெரியாட்டி மனுசன் ஒதுங்கிப் போவார் அம்மா. ஆக்களப் பாக்கிறதும் இல்ல, கதைக்கிறதும் இல்லயெண்டா மூளையும் சோர்ந்து போகும். கண் தெரிஞ்சா கொஞ்சம் தெளியலாம். எல்லாம் திரும்பி வரும் எண்டு நான் சொல்லமாட்டன்."

அந்த நேர்மைக்காகவே அவரை அம்மாவுக்குப் பிடித்துப்போனது. வலது கண்ணுக்கு மட்டும்தான் அப்போது செய்ய முடிந்தது. அதற்குள் வழி மூடப்போகிறது என்ற கதை பரவியதால், கட்டு அவிழ்த்த கையோடு ஊருக்குத் திரும்பினோம். பாதையில் வாவிக் காற்று முகத்தில் அடிக்க, மாமா அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எப்ப கா உனக்கு இவ்வளவு நரைச்ச?" என்றார்.

அம்மா சிரித்தார், அழவும் செய்தார். நான் இரண்டையும் பார்த்தேன்.

டொக்டர் சொன்னபடியே எல்லாம் திரும்பவில்லை. கிழமைகள் கடைசிவரை மாமாவுக்குக் குழம்பித்தான் இருந்தன. அடுப்பில் வைத்த பாலையும் மறப்பார். ஆனால் படலையைத் தாண்டினார், கடைவாசலில் நின்று வாதாடினார், என்னை என் பெயரால் கூப்பிட்டார். கண் மங்கினால் நினைவும் சேர்ந்து மங்கக்கூடும் என்று இப்போது மருத்துவர்கள் எடுத்துச் சொல்லக் கேட்கும்போது எனக்குள் ஒரு கர்வம் வரும். அதை அம்மா உலக்கையோடு நின்றே கண்டுபிடித்தார்.

மறு வைகாசியில் மாமா மறுபடியும் முற்றத்தில் நின்றார். மூன்றாவது குடியின் முறை வந்தபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவைதான் கூப்பிட்டார். தலைவர் வந்து வாங்கித் திரும்பும் வரைக்கும் அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்திருந்துவிட்டு, அடுத்ததைக் கூப்பிட்டார். நடுவில் ஓரிடத்தில் பெயர் வராமல் தடுமாறினார். அம்மாவின் நகங்கள் என் தோளில் பதிந்தன. பிறகு வந்துவிட்டது. கடைசிக் குடியும் வாங்கி முடிந்தபின், பூசகர் உள்ளே திரும்பும் நேரத்தில், மாமா இன்னொரு பெயரைக் கூப்பிட்டார். அது குடியின் பெயர் அல்ல.

"பூரணம்!"

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பூசகர் தயங்கினார். அம்மா தயங்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் நின்ற பக்கமாகவே நடந்துபோய், இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

இப்போது வாவிக்கு மேலே பாலம் இருக்கிறது, பாதையும் சென்றியும் இல்லை. மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. குடிகளை ஒலிபெருக்கியில், அச்சடித்த தாளைப் பார்த்து, ஒரு இளைஞர் தப்பில்லாமல் வாசிக்கிறார். சடங்குக்குப் போகிற ஒவ்வொரு வருடமும், கடைசிக் குடி வாங்கி முடிந்து எல்லோரும் கலையத் தொடங்கும்போது, நான் மட்டும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பேன். அந்த முற்றத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட ஒரே பெண் என் அம்மா.