பெரிய கங்காணி தனியாக வந்த ஞாயிறு

வட்டகொடையில் ரயிலை விட்டிறங்கிப் பூண்டுலோயாப் பக்கம் நடக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் அந்த வழி போனது ஐம்பதுகளின் நடுவில், ஊர் சுற்ற அல்ல. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்கா மாரியாயி தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவள் இருந்த காம்பரா காலியாக வேண்டும் என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டார். அவள் நகரவே கூடாது என்று சொல்லத்தான் போனேன்.

அட்டனில் காலை ஏழு மணிக்கு ரயில். தலவாக்கலை தாண்டினால் வட்டகொடை. அங்கிருந்து மூன்று மைல் ஏற்றம். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சோப்பு தேய்த்துக்கொள்ளுங்கள். நான் தேய்க்காமல் போய் வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினேன்.

அந்தத் தோட்டத்தில் ஆளை வெளியேற்றுவது எப்படித் தெரியுமா? கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குளிரில் குடும்பம் தானாகக் கிளம்பிவிடும். பெரிய கங்காணி உத்தரவு போடுவதோடு சரி. கழற்றுவது அவருக்குக் கீழே இருந்த சில்லறைக் கங்காணிகள்.

“இப்ப அவங்க வரமாட்டாங்க,” என்றாள் அக்கா. “போன மாசம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லார் முன்னுக்கும் தொர பெருமாள் கங்காணிய ஏசுனாரு. பெரியவரு வாயே தொறக்கல. நாளைக்கு நமக்கும் இதானேன்னு எல்லா சில்லறைக் கங்காணியும் ஆளுகளோட சங்கத்துக்கு வந்துட்டாங்க.”

“வேற யாராச்சும் வந்தா?”

“வரட்டும். நான் அடுப்ப அணைக்க மாட்டேன்.”

பத்து மணிக்குப் பெரிய கங்காணியே வந்தார். கோட்டு, தலைப்பாகை எல்லாம் இருந்தன, பின்னால்தான் ஆளில்லை. லயத்துக்குள் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. எந்தக் கதவு என்றே தெரியாமல் நின்றார்.

“பெருமாளு, மாரியாயி காம்பரா எது?”

வாசலில் உட்கார்ந்திருந்த பெருமாள் கங்காணி எழுந்திருக்கவில்லை. “தெரியலீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள்.

“இதுதாங்க. கழட்டணும்னா நீங்களே கழட்டுங்க.”

அவர் கதவைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. லயத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் பதவியை அன்று யாரும் பறிக்கவில்லை; ஆனால் அந்த லயத்தில் அதற்குப் பிறகு அவர் சொல் செல்லவில்லை.

நீங்கள் போனால் மூன்று மணிக்கே இறங்கத் தொடங்குங்கள், பனி மூடினால் பாதை தெரியாது. அக்காவை விசாரிப்பவர்களுக்கு: அந்தக் காம்பராவிலேயே மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். மூத்தவனுக்குப் பெயர் வைத்தது பெருமாள் கங்காணி.